மருத்துவத்தின் நான்காம் பங்கு
(புற்றுநோயாளருக்குத் துணை நிற்பது எப்படி?)

முன்னுரை

திருக்குறளில் 'மருந்து' என்றே ஓர் அதிகாரம் உண்டு. நோய் தீர்வதற்கு யார் யார், எவை எவை வேண்டும் என்று அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் கணக்கிடுகிறார். நோயாளி, மருத்துவர், மருந்து என்று மூன்றோடு அவர் நிறுத்தவில்லை. அருகிலிருந்து கவனித்துக்கொள்பவரையும் சேர்த்து நான்கு என்கிறார். ஆகவே, நோயாளியின் பக்கத்தில் இருப்பவர் வெறும் பார்வையாளர் அல்லர். மருத்துவத்தில் நான்கில் ஒரு பங்கு அவர் கையில் இருக்கிறது.

இன்று நம் கிராமங்களிலும் புற்றுநோய் என்ற பெயர் அடிக்கடி காதில் விழுகிறது. சொல்லும்போதே பெரியவர்களின் குரல் தாழ்ந்துவிடுகிறது. சிலர் பெயரைக்கூடச் சொல்லாமல் 'அந்த வியாதி' என்று முடித்துக்கொள்கிறார்கள். சிகிச்சை என்ன, மருந்து என்ன என்பதை மருத்துவமனை பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்த நான்காம் பங்கு வீட்டாருடையது. அதை எப்படிச் செய்வது என்று எந்த வகுப்பிலும் பாடம் இல்லை. ஆகவே நாங்களே நூலகத்தில் தேடிப் படித்தோம். எங்கள் பகுதியின் சுகாதார செவிலியர் அக்காவிடம் கேட்டுச் சந்தேகம் தெளிந்தோம். தெரிந்துகொண்டதை இந்த ஆண்டு மலரில் உங்கள் முன் வைக்கிறோம்.

தங்கைக்காக ஓர் அக்கா

நோயாளிக்கு அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய சான்று இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்களின் பெயர் நம் தாய்மார்களுக்குத் தெரியும். கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது. அவர் 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927-ல் சென்னை மாகாணச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினரானார்.

அந்த அம்மையாரின் தங்கை இளம் வயதிலேயே புற்றுநோயால் இறந்தார். தொடக்கத்தில் அதை வேறு ஏதோ நோய் என்று எண்ணிவிட்டார்கள். உண்மை தெரிய வந்தபோது காலம் கடந்துவிட்டது. அக்கா மருத்துவராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற இயலவில்லை. அந்த வேதனை எப்படிப்பட்டது என்பதை உடன்பிறந்தவர்கள் உள்ள நாம் எண்ணிப் பார்க்கலாம்.

ஆனால் அவர் அழுததோடு நின்றுவிடவில்லை. 1925-ல் மேற்பயிற்சிக்காக லண்டன் சென்றபோது அங்கே ராயல் புற்றுநோய் மருத்துவமனையில் நடக்கும் பணியைக் கண்டார். நம் நாட்டிலும் இப்படி ஒன்று வேண்டும் என்று உறுதி கொண்டார். புற்றுநோய் வந்தால் பிழைப்பது அரிது, அதற்குத் தனி மருத்துவமனை எதற்கு என்று பலரும் நினைத்த காலம் அது. அவர் இந்திய மாதர் சங்கத்தின் துணையோடு நிதி திரட்டினார். 1952-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் சென்னை அடையாறில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது.

அம்மையாரின் மகன் டாக்டர் எஸ். கிருஷ்ணமூர்த்தியும், 1955-ல் வந்து சேர்ந்த டாக்டர் வி. சாந்தாவும் அதை வளர்த்தார்கள். சாந்தா அம்மையார் மருத்துவமனை வளாகத்திலேயே தங்கி வாழ்ந்தார். 2005-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. 2021 ஜனவரி 19 அன்று தமது 93-ஆம் வயதில் மறையும் வரை ஏழை நோயாளிகளுக்காகவே உழைத்தார். ஒரு தங்கையின் மேல் வைத்த அன்பு, அறிவோடு சேர்ந்தபோது எத்தனையோ குடும்பங்களுக்கு நிழலாயிற்று. நம்மால் மருத்துவமனை கட்ட முடியாது. ஆனால் நம் வீட்டு நோயாளியைக் கவனிப்பதில் அதே இரண்டையும் சேர்க்க முடியும்.

நோயை அறிவோம்

நம் உடல் கோடானுகோடி செல்களால் ஆனது. பழைய செல் அழிவதும் புதிய செல் தோன்றுவதும் ஓர் ஒழுங்கோடு நடக்கின்றன. அந்த ஒழுங்கு கெட்டு, சில செல்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதே புற்றுநோய். அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, கீமோதெரபி எனப்படும் மருந்துச் சிகிச்சை ஆகிய மூன்றும் இதற்கு முக்கியமான சிகிச்சைகள். கதிர்வீச்சை நம் ஊர்ப்பக்கம் 'கரண்ட் வைப்பது' என்கிறார்கள். உண்மையில் அது மின்சாரம் அன்று. நோயுற்ற செல்களை அழிக்கும் கதிர். அதைப் பெறும்போது எக்ஸ்ரே எடுப்பது போலவே வலி தெரியாது. வெளியிலிருந்து கருவி மூலம் கதிர்வீச்சுப் பெற்று வருபவரிடமிருந்து வீட்டாருக்குக் கதிர் எதுவும் பரவாது. குழந்தையையும் தாராளமாக மடியில் வைத்துக்கொள்ளலாம்.

துணை நிற்க வருபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, புற்றுநோய் தொற்றுநோய் அன்று. தொட்டாலோ, ஒரே பாயில் அமர்ந்தாலோ, ஒரே பாத்திரத்தில் சமைத்து உண்டாலோ அது பரவாது. இரண்டாவது, அது யாருடைய பாவத்துக்கும் வந்த தண்டனை அன்று. கைக்குழந்தைக்கும் வருகிறது, மாசற்ற துறவியருக்கும் வருகிறது. மூன்றாவது, புற்றுநோய் என்றால் மரணம் என்று பொருள் அன்று. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பல வகைகளைக் குணப்படுத்தலாம். ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, காரணமில்லாத இரத்தப்போக்கு, நாளுக்கு நாள் மெலிவு ஆகியவற்றைக் கண்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

சொல்வதா, மறைப்பதா?

நம் வீடுகளில் பரிசோதனை முடிவைப் பெரும்பாலும் நோயாளியிடம் சொல்வதில்லை. அப்பாவிடமோ பெரியப்பாவிடமோ தனியே அழைத்துச் சொல்கிறார்கள். "அவளுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாள்" என்று வீட்டார் கூடிப் பேசி மறைக்கிறார்கள். இதுவும் அன்பினால் செய்வதுதான். ஆனால் இதன் விளைவு என்ன?

நோயாளி குழந்தை அல்லர். எந்த மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கிறார்கள் என்பதை வாசற்பலகையே சொல்லிவிடும். பக்கத்துப் படுக்கைக்காரர் பேச்சு சொல்லிவிடும். தாம் உள்ளே வந்தவுடன் பேச்சு நின்றுபோவதும், மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைப்பதும் சொல்லிவிடும். அவருக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும், ஆனால் யாரும் பேசமாட்டார்கள். பயத்தை நோயாளி தனியே சுமக்கிறார். சிகிச்சைக்கு ஒப்புக்கொள்வது, நிலத்தைப் பற்றி முடிவு செய்வது, பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதைச் சொல்வது ஆகிய எல்லா உரிமைகளும் அவரிடமிருந்து போய்விடுகின்றன.

எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அவருக்கு எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று முதலில் கேட்க வேண்டும். "டாக்டரிடம் எல்லாம் நீங்களே கேட்டுக்கொள்கிறீர்களா, நாங்கள் கேட்டுச் சொல்லட்டுமா?" என்ற ஒரு கேள்வி போதும். கேட்டதற்குப் பொய் சொல்லாமல், தாங்கும் அளவுக்குச் சொல்ல வேண்டும். மருத்துவரையே மெதுவாக எடுத்துச் சொல்லச் செய்வது இன்னும் நல்லது. வீட்டிலுள்ள சிறு பிள்ளைகளுக்கும், "அம்மாவுக்கு உடம்பில் ஒரு நோய், அதற்கு மருந்து கொடுக்கிறார்கள், அதனால் அம்மா களைப்பாக இருப்பார்கள். இதற்கு நீ காரணம் இல்லை" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் குழந்தைகள் தங்கள் குறும்பினால்தான் அம்மாவுக்கு இப்படி ஆயிற்று என்று தாமே ஒரு கதை கட்டிக்கொள்வார்கள்.

பார்க்க வருபவர்களின் வாய்ச்சொல்லும் மருந்தாகலாம், விஷமுமாகலாம். "இதே நோய்தான் எங்கள் ஊரில் ஒருவருக்கு, மூன்றே மாதத்தில் போய்விட்டார்" என்று படுக்கை அருகிலேயே சொல்பவர்கள் உண்டு. "உனக்கு ஒன்றுமே இல்லை" என்பதும் உதவாது. அது நோயாளியின் வாயை அடைத்துவிடும். "இன்றைக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டு, சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதே சிறந்தது. அவர் அழுதால் அழ விட வேண்டும். பேச விருப்பமில்லை என்றால் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருக்கலாம். அதுவும் துணைதான்.

வீட்டில் செய்யத்தக்கவை

கீமோதெரபி மருந்து நோய்ச் செல்லோடு நல்ல செல்லையும் தாக்குகிறது. அதனால்தான் முடி கொட்டுகிறது, வாயில் புண் வருகிறது, குமட்டுகிறது. முடி பெரும்பாலும் மீண்டும் வளர்ந்துவிடும். அதைச் சொல்லித் தேற்றலாம். ஆனால் "முடிதானே, போனால் போகட்டும்" என்று அலட்சியமாகச் சொல்லக் கூடாது. தலைவாரிப் பூ வைத்துப் பழகிய நம் தாய்மாருக்கு அது சிறிய இழப்பு அன்று.

உணவை மூன்று வேளை வயிறு நிறையக் கொடுப்பதைவிட, சிறிது சிறிதாக ஆறு வேளை கொடுப்பது நல்லது. நம் ஊர் ராகிக் கஞ்சி, குழைந்த சோறு, பருப்பு, நன்கு வெந்த முட்டை எல்லாம் ஏற்றவை. வாய்ப்புண் இருக்கும்போது காரமும் புளிப்பும் வேண்டாம். சூடும் ஆறியிருக்க வேண்டும். தாளிக்கும் வாசனை குமட்டலை உண்டாக்கினால் நோயாளியைக் காற்றோட்டமான இடத்தில் இருக்கச் செய்யலாம். சாப்பிடச் சொல்லி வற்புறுத்தி அவரை அழ வைக்கக் கூடாது. பசியின்மை நோயின் வேலை. அவருடைய பிடிவாதம் அன்று.

மருந்துச் சிகிச்சைக் காலத்தில் இரத்தத்தின் வெள்ளை அணுக்கள் குறைவதால் மற்றத் தொற்றுகள் எளிதில் பிடித்துக்கொள்ளும். ஆகவே வீட்டார் சோப்புப் போட்டுக் கை கழுவிய பின்பே அருகில் செல்ல வேண்டும். சளி, காய்ச்சல் உள்ளவர்கள் அந்த நாட்களில் விலகி நிற்க வேண்டும். கவனியுங்கள்: நோயாளியிடமிருந்து நமக்குப் புற்றுநோய் வராது, நம்மிடமிருந்துதான் அவருக்குத் தொற்று வரக்கூடும்! வீட்டில் ஒரு வெப்பமானி அவசியம். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குத் தெரிவிக்க வேண்டும். கைவசம் உள்ள மாத்திரையைக் கொடுத்துக் காய்ச்சலை அடக்கிவிட்டு இருந்துவிடக் கூடாது.

கதிர்வீச்சுப் பெறுபவரின் தோலில் மையினால் அடையாளக் கோடுகள் போட்டிருப்பார்கள். கதிர் விழ வேண்டிய இடத்தைக் காட்டுபவை அவை. அழுக்கு என்று எண்ணித் தேய்த்து அழித்துவிடக் கூடாது. அந்த இடத்தில் எண்ணெய், மஞ்சள், பவுடர் எதையும் மருத்துவரைக் கேட்காமல் பூசக் கூடாது. தளர்ந்த பருத்தி ஆடையே நல்லது. நாட்டு மருந்து எதையாவது கொடுக்க விரும்பினாலும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். 'ஒரே மருந்தில் குணமாகும்' என்று யாரோ சொன்னதை நம்பிச் சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவது பெருந்தீங்கு.

வலியைப் பற்றி ஓர் உண்மை

புற்றுநோய் என்றால் வலியைச் சகித்துத்தான் ஆக வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியன்று. 1986-லேயே உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலியைப் படிப்படியாகத் தணிக்கும் முறையை வெளியிட்டது. மெல்லிய வலிக்குச் சாதாரண மாத்திரை. அதற்கும் அடங்காவிட்டால் அடுத்த படி. கடும் வலிக்கு வாய்வழியே மார்ஃபின். மருந்தை வலி தாங்க முடியாமல் துடிக்கும்போது அல்ல, கடிகாரத்தைப் பார்த்து, மருத்துவர் சொன்ன மணிக்குக் கொடுக்க வேண்டும். வலி வரும் முன்பே அடுத்த வேளை மருந்து உள்ளே போயிருக்க வேண்டும்.

மார்ஃபின் என்றால் போதைப் பழக்கம் வந்துவிடுமோ என்று வீட்டார் அஞ்சுகிறார்கள். மருத்துவர் கண்காணிப்பில் வலிக்காகக் கொடுக்கும்போது அந்த அச்சம் வேண்டாம் என்கிறார்கள் அறிந்தவர்கள். மலச்சிக்கல் உண்டாகும், அதற்கும் சேர்த்து மருந்து கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். 1985-ல் வந்த போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மருத்துவமனைகளிலேயே இம்மருந்து கிடைப்பது அரிதாயிற்று. கேரளத்து மருத்துவர் டாக்டர் எம். ஆர். ராஜகோபால் போன்றவர்களின் நீண்ட முயற்சிக்குப் பின் 2014-ல் அச்சட்டம் திருத்தப்பட்டது. வலியில்லாமல் ஓர் இரவு தூங்குவது நோயாளிக்குச் சலுகை அன்று, உரிமை.

ஜவளகிரியிலிருந்து

எங்கள் ஊர் காட்டின் ஓரத்தில் இருக்கிறது. ராகி முற்றும் மாதங்களில் கர்நாடகத்துப் பன்னர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரிக் காட்டுக்குள் வரும். பொழுது சாய்ந்த பின் வழியில் நடப்பது ஆபத்து. இங்கிருந்து ஒரு நோயாளி சிகிச்சைக்குப் போவதென்றால், தளி வழியாக ஓசூர் சென்று, அங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் பெங்களூருக்குப் பயணம் செய்ய வேண்டும். 1973-ல் தொடங்கி 1980-ல் மண்டலப் புற்றுநோய் மையமான கித்வாய் நினைவு மருத்துவமனை அந்த ஓசூர் சாலையிலேயே இருப்பது நமக்கு ஒரு வசதி. சிலர் வேலூருக்கும் அடையாறுக்கும் செல்கிறார்கள். கதிர்வீச்சு என்றால் வாரத்தில் ஐந்து நாட்கள் என்று பல வாரங்கள் தொடரலாம். விடியற்காலைப் பேருந்துக்குத் துணையாக வருவதும், மாலையில் கடைசிப் பேருந்தில் வருபவரை நிறுத்தத்தில் இருந்து பத்திரமாக அழைத்து வருவதும் அக்கம்பக்கத்தார் செய்யக்கூடிய உதவிகள்.

மொழியும் ஒரு மலைதான். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, பள்ளியில் தமிழ், மருத்துவமனைக் காகிதத்தில் ஆங்கிலம்! இங்கேதான் படிக்கும் பெண்களாகிய நம்மால் பெரிய உதவி செய்ய முடியும். ஒரு 40 பக்க நோட்டு வாங்கி, அதில் இவற்றை எழுதி வரலாம்:

1. மருத்துவமனைப் பதிவு எண், நோயின் பெயர், இரத்த வகை.
2. மருந்துகளின் பெயர், எத்தனை மணிக்கு எத்தனை மாத்திரை.
3. அடுத்து வரச்சொன்ன தேதி.
4. ஒவ்வொரு நாளும் காய்ச்சல், உணவு, வாந்தி, வலி, தூக்கம்.
5. அடுத்த முறை மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள்.

மருத்துவர் முன் உட்கார்ந்தவுடன் பாதி கேள்விகள் மறந்துபோகும். எழுதி வைத்திருந்தால் மறக்காது. பரிசோதனைத் தாள்களைத் தேதிவாரியாக ஒரே கோப்பில் அடுக்கி வைப்பதும் நம் வேலையாகட்டும்.

பணச் செலவுக்கும் சில வழிகள் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012-ல் தொடங்கியது. பின்னர் அதில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்று உயர்த்தப்பட்டது. தாம் செல்லும் மருத்துவமனையில் அது செல்லுபடியாகுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளருக்கும் உடன்செல்லும் ஒருவருக்கும் ரயில் கட்டணத்தில் பெருஞ்சலுகை உண்டு. அதற்கு மருத்துவமனைச் சான்றிதழ் வேண்டும். இது தெரியாமல் முழுக்கட்டணம் கொடுத்துச் செல்பவர்கள் பலர்.

நம் மாவட்டத்துக்கு ஒரு பெருமையும் உண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கப்பட்டது. சர்க்கரை, இரத்த அழுத்த மருந்துகளோடு, படுக்கையில் இருப்பவர்களுக்கு வீடு தேடி வந்து செய்யும் நோய்த்தணிப்புச் சேவையும் அதில் சேர்க்கப்பட்டது. நம் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் சுகாதார செவிலியரிடம் சொல்லிப் பெயரைப் பதிந்துகொள்வது நம் கடமை.

சுமையை யார் தாங்குவது?

இப்போது சொல்லப்போவது எங்களை மிகவும் சிந்திக்க வைத்த செய்தி. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் தாயார் ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்தவர். சென்ற ஆண்டு அவருக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்தது. தந்தைக்கு ஓசூர்த் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. விடுப்பு எடுத்தால் சம்பளம் இல்லை. "பெரிய பெண் இருக்கிறாளே, படிப்பை நிறுத்திவிட்டு வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும்" என்று உறவினர் பேசி முடித்தார்கள். அவளுக்குத் தம்பியும் உண்டு. அவன் படிப்பை நிறுத்துவது பற்றி யாரும் பேசவில்லை. அதற்கிடையில் யாரோ ஒருவர் தாயாரின் தட்டையும் டம்ளரையும் தனியே எடுத்து வைத்துவிட்டார்.

தோழி இருபது நாட்கள் வரவில்லை. எங்கள் வகுப்பாசிரியை சிஸ்டரும் செவிலியர் அக்காவும் அவள் வீட்டுக்குச் சென்றார்கள். நாங்கள் நால்வரும் உடன் போனோம். நோய் ஒட்டாது என்று செவிலியர் அக்கா எல்லோர் முன்னிலையிலும் விளக்கிச் சொன்னார். அவர் பேசி முடித்ததும் தோழி எழுந்து போய், தனியே இருந்த தட்டை எடுத்து மற்றத் தட்டுகளோடு அடுக்கினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்போது அவள் தாயார் பேசினார். "என்னைப் பார்த்துப் பார்த்து எல்லாரும் அழறாங்க சிஸ்டர். சும்மா உட்கார வெச்சே பாதி உயிர் போகுது. கீரையாவது கையில குடுத்தா ஆய்ஞ்சு தருவேன். என் பொண்ணு பள்ளிக்கூடம் போகட்டும். அவ போயிட்டு வந்து என்ன படிச்சான்னு சொன்னா, அதைக் கேட்டுட்டுப் படுத்திருப்பேன்" என்றார். தம் மகளின் படிப்பைப் பற்றி அதுவரை அந்தத் தாயிடம் யாருமே கேட்கவில்லை!

அன்றே வேலைகள் பங்கிடப்பட்டன. தண்ணீர் எடுப்பதும் பாத்திரம் கழுவுவதும் தம்பிக்கு. மருத்துவமனைக்குத் துணை ஒரு வாரம் அத்தை, ஒரு வாரம் சித்தி. மருந்து நோட்டு எழுதுவது தோழிக்கு. விடுபட்ட பாடங்களை ஆளுக்கொரு பாடமாக நாங்கள் எழுதிக் கொடுத்தோம். கீரை ஆய்வது அம்மாவுக்கு. களைப்பான நாட்களில் அதையும் செய்யமாட்டார்; செய்ய முடிந்த நாட்களில் அவர் முகமே வேறு. அவருக்கு இன்னும் சிகிச்சை நடக்கிறது. முடிவு எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. தோழி இந்த ஆண்டு எங்களோடு பொதுத்தேர்வு எழுதுகிறாள்.

பெற்றோர்களே, உறவினர்களே! கவனிப்பு என்பது வீட்டுப் பெண் ஒருத்தியின் தலையில் மட்டும் ஏற்றும் மூட்டை அன்று. கவனிப்பவரும் மனிதர்தாம். அவருக்கும் தூக்கம் வேண்டும், உணவு வேண்டும், வாரத்தில் ஒரு மாலையாவது ஓய்வு வேண்டும். "ஏதாவது உதவி வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று சொல்லிப் போய்விடுவதைவிட, "செவ்வாய்க்கிழமை மதியம் நான் வந்து உட்கார்ந்துகொள்கிறேன், நீங்கள் தூங்குங்கள்" என்று சொல்வதே உதவி.

குணமாகாத நிலையிலும்

எல்லா நோயாளியும் குணமடைந்துவிடுவதில்லை என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிக் கைவிடும் நேரம் ஒன்று வருகிறது. உண்மையில் அப்போதுதான் நான்காம் பங்கின் வேலை கூடுகிறது. இங்கிலாந்தில் சிசிலி சாண்டர்ஸ் என்ற பெண்மணி முதலில் செவிலியராகவும், பின் சமூகப் பணியாளராகவும் இருந்து, அதன்பின் மருத்துவம் படித்தவர். சாகும் நிலையில் உள்ளவருக்கு உடல்வலி மட்டுமன்று. மனவலி, குடும்பக் கவலை, ஆன்மாவின் ஏக்கம் ஆகிய யாவும் சேர்ந்தே வலிக்கின்றன என்று அவர் கண்டறிந்தார். 1967-ல் லண்டனில் புனித கிறிஸ்டோபர் இல்லத்தை அவர் தொடங்கினார். நமக்கு அருகே பெங்களூரில் 'கருணாஷ்ரயா' என்ற இல்லம் 1999 முதல் இப்பணியைக் கட்டணமின்றிச் செய்து வருகிறது. கேரளத்திலோ அண்டை வீட்டாரே பயிற்சி பெற்று, செவிலியரோடு வீடு வீடாகச் சென்று படுக்கையில் இருப்பவர்களைக் கவனிக்கிறார்கள்.

படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைப்பது புண் வராமல் தடுக்க உதவும். உதடு காயாமல் ஈரத்துணியால் நனைக்கலாம். அவருக்குப் பிடித்த பாட்டை மெல்லிய ஒலியில் வைக்கலாம். அவர் விரும்பினால் சேர்ந்து செபிக்கலாம். விரும்பாதபோது வற்புறுத்தக் கூடாது. திருச்சபை 1993 முதல் ஒவ்வொரு பிப்ரவரி 11-ஆம் நாளையும் நோயாளிகளின் உலக நாளாகக் கொண்டாடுகிறது. அன்று ஒரு நாள் மட்டும் பழம் வாங்கிச் சென்று பார்ப்பதோடு நம் கடமை முடிந்துவிடாது.

முடிவுரை

அன்புச் சகோதரிகளே! நோயாளியைப் பார்த்துப் பரிதாபப்படுவது எளிது. உடன் இருப்பதுதான் அரிது. உடன் இருப்பதென்றால், உண்மையைப் பேசுவது, அவரைக் கேட்டு முடிவு செய்வது, மருந்தை மணிக்குக் கொடுப்பது, தட்டைப் பிரிக்காமல் இருப்பது, வேலையைப் பகிர்வது. அவர் நோயாளி ஆவதற்கு முன்பே தாயாகவோ, தந்தையாகவோ, பாட்டியாகவோ இருந்தவர். நோய் வந்த பின்னும் அவர் அவரே.

இந்த மலரைப் படித்து முடித்தவுடன் ஒன்று செய்யுங்கள். உங்கள் தெருவில் நீண்ட நாள் நோயில் இருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அடுத்த சனிக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், அங்கே கவனித்துக்கொண்டிருப்பவரிடம் ஒரு மணி நேரம் வேலையை வாங்கிக்கொள்ளுங்கள்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு